முகம் பார்த்துச் சொன்னவள்

என் அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்பது தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள். அவள் என்ன சொன்னாலும் இப்போது நான் நம்ப மாட்டேன். என் தலையெழுத்து அப்படி. ஒன்பது மாதம் நம்பினேன். நம்பி நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன். அந்த ஒன்பது மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பேர் வேண்டாம். நேரில் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட ஆறு வயசு பெரியவள், வாங்க போங்க என்றுதான் பேசுவேன். இங்கே அவள் இவள் என்று எழுதப் போகிறேன். இந்த மரியாதைக் குறைச்சலையாவது நான் பண்ணிக்கொள்ளக் கூடாதா?

மயிலாப்பூர்க்காரி. தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. வாயைத் திறந்தால் 'எங்காத்துல', 'வந்துண்டிருக்கேன்' என்று வரும். நல்ல உயரம், காட்டன் புடவை, தலையில் எப்போதும் ஒரு முழம் பூ. ஆனால் அவளை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது இதெல்லாம் இல்லை. எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டாள். ஒரு நொடி நம் முகத்தைப் பார்ப்பாள். பால் பொங்கி வருகிறதா என்று பாத்திரத்துக்குள் எட்டிப் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை. அப்புறம்தான் பதில் வரும். அது நமக்குப் பிடித்த பதிலாகவே இருக்கும்.

ஒரு நாள் லஸ் முனையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். வயசான ஒருத்தர் வந்து ஒரு பல் டாக்டர் பேரைச் சொல்லி வீடு எங்கே என்று கேட்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "இப்படியே நேராப் போங்கோ மாமா, ரெண்டாவது திருப்பம்" என்றாள். அவர் சந்தோஷமாக நடந்து போனார். உங்களுக்கு அந்த டாக்டரைத் தெரியுமா என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? அந்தப் பக்கமே ஆசையாப் பார்த்துண்டு நின்னார்டி. தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த மனுஷர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் எத்தனை தெரு சுற்றினாரோ, அது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. அவள் யாருக்குப் பொய் சொன்னாலும் எனக்குச் சொல்ல மாட்டாள் என்று ஒரு நினைப்பு. கூட இருக்கிறவர்களுக்கு எல்லாம் இந்த நினைப்பு இருக்கும் போலிருக்கிறது.

நாங்கள் வேலை பார்த்தது அடையாற்றில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில். தூங்குமூஞ்சி மரத்துக்குக் கீழே பழைய பங்களா. அவள் அங்கே டெக்னிக்கல் அசிஸ்டென்ட். நான் தொண்ணூற்று மூன்றில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். அந்துப்பூச்சியின் காதல் சமாச்சாரம் என்று மந்தைவெளிக் காய்கறிக் கடையில் நின்று சொல்ல முடியுமா?

பருத்திக் காய்ப்புழு கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வளர்ந்தால் அந்துப்பூச்சி. பெண் பூச்சி உட்கார்ந்த இடத்திலிருந்தே வால் நுனியைத் தூக்கி ஒரு வாசனையை விடும். நம் மூக்குக்கு அது சுத்தமாகத் தெரியாது. ஆண் பூச்சிக்குத் தெரிந்தால் காற்றை எதிர்த்துப் பறந்து வந்து நிற்கும். அந்த வாசனையில் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று நிறைய, இன்னொன்று துளியூண்டு. துளியூண்டு இல்லாவிட்டால் ஆணுக்குப் பாதி வழியில் குழப்பம் வந்துவிடும். இரண்டையும் உணர்கொம்பு தனித்தனியாக வாங்கித் தனித்தனியாக மூளைக்கு அனுப்புகிறது. மூளை வாசலில் ஆணுக்கு மட்டும் பெரிசாக இருக்கிற முடிச்சுகள் உண்டு. அங்கேயும் இது ஒரு முடிச்சில், அது ஒரு முடிச்சில் என்றுதான் இறங்குகின்றன. அப்படியானால் 'இவள் என் ஜாதிப் பெண்' என்று அந்தத் துக்கினியூண்டு மூளை எங்கே முடிவு பண்ணுகிறது? இரண்டும் சரியான பங்கில் சேர்ந்து வந்தால் மட்டும் பேசுகிற ஒரு செல் உள்ளே எங்காவது இருக்குமா? அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. கிடைத்தால் டாக்டர் பட்டம். கிடைக்காவிட்டால் உதவித்தொகை முடிகிற அன்றைக்கு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

பூச்சிகளுக்கு ராத்திரியில்தான் இந்த ஆட்டமெல்லாம். நாங்கள் ராத்திரி முழுக்க உட்கார முடியுமா? அதனால் பூச்சி அறையில் பொழுதைத் தலைகீழாக்கி வைத்திருந்தோம். ராவெல்லாம் டியூப்லைட் எரியும். காலை ஒன்பது மணிக்கு அணைத்துக் கறுப்புத் திரையை இழுத்துவிட்டால் அதுகளுக்கு இருட்டிவிடும். சிவப்பு பல்பு வெளிச்சம் அதுகளுக்குத் தெரியாது. வெளியே வெயில் கொளுத்தும்போது நானும் அவளும் அந்தச் சிவப்பு இருட்டில் உட்கார்ந்திருப்போம்.

ஆண் பூச்சியை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகி, தலை மட்டும் வெளியே நிற்க மெழுகு வைத்து, தலையைத் திறந்து, மயிரைவிட மெல்லிய கண்ணாடி ஊசியை மூளைக்குள் இறக்குவேன். ஏதாவது ஒரு செல்லில் மாட்டினால் ஸ்பீக்கரில் 'டப்... டப்' என்று கேட்கும். அந்தச் செல்லுக்குப் பிடித்த வாசனை பட்டால் தாளிப்பில் கடுகு வெடிக்கிற மாதிரி வெடிக்கும். வாசனையை விட்டு விட்டுத்தான் ஊத வேண்டும். தொடர்ந்து ஊதினால் செல் மரத்துப்போய் வாயை மூடிக்கொள்ளும்.

வாசனை ஏற்றுவது அவள் பொறுப்பு. சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் வடிதாள் துண்டு, அதில் ஒரு சொட்டு. சில குழாயில் முதல் சரக்கு, சிலதில் இரண்டாவது, சிலதில் இரண்டும் சேர்ந்த கலவை. சிலதில் வெறும் ஹெக்சேன், அதாவது சரக்கைக் கரைத்து வைக்கிற திரவம் மட்டும். குழாய்மேல் நம்பர்தான் இருக்கும். எந்த நம்பரில் எது என்று அவள் தன் நோட்டில் எழுதி வைப்பாள். எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் என் காது ஆசைக்குத் தகுந்த மாதிரிக் கேட்க ஆரம்பித்துவிடும். எந்த நம்பருக்கு எத்தனை வெடிப்பு என்று நான் எழுதி முடித்த பிறகுதான் நோட்டைத் திறக்க வேண்டும். முறைப்படி அந்தப் பக்கத்தை உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் ஒட்டினோம். அப்புறம் நமக்குள் என்ன உறை வேண்டிக்கிடக்கிறது என்று விட்டுவிட்டோம். "எதுல வந்தது?" என்று அவள் கேட்பாள். நான் சொல்வேன். பிறகு நோட்டை எடுப்பாள். அந்தச் சோம்பேறித்தனத்தில் எனக்கும் பங்கு உண்டு. இல்லை என்று சாதிக்க மாட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, அவளை எல்லாருக்கும் பிடிக்கும். புழு வளர்க்கிற அட்டெண்டர் ஒருத்தர் இருந்தார், திருவான்மியூர்க்காரர். கொண்டைக்கடலை மாவில் புழுவுக்குச் சாப்பாடு கிண்டுவார். ஒரு தடவை மாவு வாடை அடிக்கிறதே, போடலாமா என்று அவளிடம் கொண்டுவந்து காட்டினார். மறுபடி கிண்ட வேண்டுமே என்று அவர் முகத்தில் சலிப்பு. அவள் அவரைப் பார்த்தாள். "நன்னாத்தானே இருக்கு, போடுங்கோ" என்றாள். நாலே நாளில் பூஞ்சை பிடித்து இருநூறு புழு காலி. சார் கத்தினார். எங்கள் ஆராய்ச்சிக்குத் தலைமை அவர்தான்.

"இன்னாம்மா பண்றது? அக்காதான் நல்லா கீதுன்னு சொல்லிச்சு" என்று அட்டெண்டர் என்னிடம் புலம்பினார். ஆனால் அவள்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அன்று சாயங்காலமே அவர் மகளுக்கு ஃபிராக் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

அவள் வீட்டில் மாமனார் இருந்தார், கண் சரியாகத் தெரியாது. பம்பாயில் இருக்கிற மூத்த பிள்ளையிடமிருந்து எப்போதாவது கடிதம் வரும். அவள்தான் படித்துக் காட்டுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்தில் இருந்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அந்த எண்ணெய் தடவுகிறாரா, போன வருஷம் சேர்ந்து சாப்பிட்ட ரசவாங்கி இன்னும் நாக்கிலேயே நிற்கிறது என்றெல்லாம் நீளமாகப் படித்தாள். கிழவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் நான் எட்டிப் பார்த்தேன். கடிதத்தில் மூன்று வரிதான் இருந்தது. வீட்டுப் பத்திரத்தின் நகல் அனுப்பச் சொல்லி எழுதியிருந்தான் அந்தப் புண்ணியவான்.

எனக்கு அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்ல மனசு என்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா அரசாங்க அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், ஒரு எழுத்து மாறினாலும் பொறுக்க மாட்டார். "நல்ல மனசுதான். ஆனா அந்தப் பெரியவர் புள்ளைக்குப் பதில் எழுதினா எந்தக் கடுதாசிக்கு எழுதுவார்?" என்று கேட்டார். உங்களுக்கு எல்லாவற்றிலும் குறைதான் என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனேன்.

அப்பாவுக்கு என் வேலையில் பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே "இன்னிக்குப் பூச்சி பேசிச்சா?" என்று கேட்பார். இரண்டு வருஷமாக "இல்லப்பா" என்பதே என் பதில். "பேசும் பேசும்" என்று பேப்பரைப் பிரித்துக்கொள்வார். இதை நான் லேபில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவளுக்கு மனப்பாடம்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐந்தாம் நாள் தேறிவிட்டார், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். காலையில் அவரைப் பார்த்துவிட்டுத்தான் லேபுக்குப் போனேன். அன்றைக்கென்று ஊசி இறக்கிய மாத்திரத்தில் ஒரு செல் மாட்டியது. அருமையான செல், அசையாமல் நின்றது. பத்து மணிக்கு அம்மா லேபுக்கு போன் பண்ணினாள். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுக் கஞ்சி வைத்து எடுத்து வர வேண்டும், ஒரு மணி நேரம் வந்து உட்கார் என்றாள். ஊசியை எடுத்தால் அந்தச் செல் போச்சு. நான் என்ன பண்ணுவது என்று முழித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ செல்லை விடாதேடி. குழாயெல்லாம் ஏத்தி வச்சாச்சு. நான் போய் அப்பாகிட்ட உக்காந்துக்கறேன்" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு மழையில் போனாள்.

அப்பா பதினொன்றேகாலுக்குப் போய்விட்டார். அம்மாவும் இல்லை, நானும் இல்லை. அவள்தான் பக்கத்தில் இருந்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா பக்கத்திலிருந்து இவள்தான் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். என் முகத்தை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "நான்தான் உன்னைக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன்டி. 'வேணாம்மா, பூச்சி பேசற நேரம், முடிச்சிட்டு வரட்டும்'னார். சிரிச்சுண்டே சொன்னார். அப்படியே கண்ணை மூடிட்டார்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்தேன். வேறு எதுவும் என்னை எழுப்பியிருக்காது. ஒரு பூச்சியின் தலைக்குள் ஊசியை வைத்துக்கொண்டு பெற்ற அப்பனை விட்டுவிட்டாயே என்று என்னை நானே கொன்று தின்ன ஆரம்பிக்கும்போதெல்லாம், முடிச்சிட்டு வரட்டும் என்று அவரே சொன்னார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அம்மாவுக்கும் அதைத்தான் சொன்னேன். காரியம் முடிந்த பத்தாம் நாள் வேலைக்குப் போனேன். முடித்துவிட்டு வரட்டும் என்றாரே, முடிக்க வேண்டாமா?

தை, மாசி போனது. திடீரென்று செல்கள் பேச ஆரம்பித்தன. "எதுல வந்தது?" என்பாள். "மூணுல. அப்புறம் ஏழுல. மத்த எதுலயும் ஒண்ணுமே இல்லக்கா" என்பேன். நோட்டைப் பிரிப்பாள். "மூணு... கலவை. ஏழு... ஏழும் கலவைதான்டி!" என்பாள். தனியாக முதல் சரக்குக்கு அந்தச் செல் பேசவில்லை, தனியாக இரண்டாவதுக்கும் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் வெடிக்கிறது. நான் தேடியதே அதுதானே! ஒன்று இல்லை, ஆடி மாதத்துக்குள் பதினோரு செல். ஒரு நாள் இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக் குதித்ததில் மேஜை ஆடி ஊசி உடைந்துபோனது. தி.நகருக்கு இழுத்துக்கொண்டு போய் எனக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாள். வெளிநாட்டில் நடக்கிற ஒரு கூட்டத்துக்குச் சார் எங்கள் முடிவைச் சுருக்கமாக எழுதி அனுப்பினார். அது ஏற்கப்பட்டுவிட்டது. வீட்டில் அப்பா படத்துக்கு முன்னால் நின்று, பூச்சி பேசிடுச்சுப்பா என்று வாய்விட்டே சொன்னேன்.

ஆவணியில் ஆய்வேடு எழுத உட்கார்ந்தேன். சரக்கின் தூய்மையைச் சோதித்த சீட்டு ஒன்றை இணைக்க வேண்டும். அது ஒரு சடங்கு மாதிரி. ஃப்ரீசரிலிருந்து இரண்டு குப்பியையும் எடுத்துப் பஞ்சில் சுற்றி, தரமணிப் பக்கம் இன்னொரு ஆராய்ச்சிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். மிஷினைப் பார்த்துக்கொள்கிறவர் முதல் குப்பி சுத்தம் என்றார். இரண்டாவது குப்பிக்குக் காகிதம் வெறுமையாக வந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லீங்களே. வெறும் ஹெக்சேன்."

நான் அவரோடு சண்டை போட்டேன். மிஷினில் கோளாறு, நீங்கள் ஊசியை மாற்றிப் போட்டிருப்பீர்கள், மறுபடி பாருங்கள் என்றேன். பாவம், மூன்று தடவை ஓட்டினார். மூன்று தடவையும் கோடு படுத்தே கிடந்தது.

நேராக மயிலாப்பூர் போனேன். கூடத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் காகிதத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு அரிவாள்மணையைச் சாய்த்தாள்.

"எப்பக்கா?"

"தை மாசம். ஃப்ரீசர்லேர்ந்து எடுக்கறச்சே கை வழுக்கிடுத்து. மொத்தமும் தரையில போயிடுத்துடி."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? உங்கப்பா போய் ரெண்டு மாசம்தான் ஆயிருந்தது. புதுசு வரவழைக்கணும்னா ஆறு மாசம் ஆகும், உன் பணமும் அதுக்குள்ள நின்னுடும். அன்னிக்கு உன் மூஞ்சி இருந்த இருப்பு..."

புதுக் குப்பியில் ஹெக்சேனை ஊற்றிப் பழைய சீட்டை ஒட்டியிருக்கிறாள். அதற்கப்புறம் குழாய்களில் இருந்தது இரண்டே வகை: முதல் சரக்கு, இல்லாவிட்டால் வெறும் ஹெக்சேன். நோட்டில் முன்கூட்டி எதையும் எழுதவில்லை. எந்தக் குழாய்க்குச் செல் வெடித்தது என்று என்னைக் கேட்டுக்கொண்டு, அதைக் கலவை என்று வாசித்திருக்கிறாள். வெடிக்காததை எல்லாம் தனிச் சரக்கு என்றிருக்கிறாள். என் பதினோரு செல்லும் முதல் சரக்குக்கு வெடிக்கிற சாதாரணச் செல்கள். முதல் வருஷமே அந்த மாதிரி நாற்பது பார்த்திருக்கிறேன்.

"மூணுல வந்ததுன்னு நீ சொல்லுவே. மூஞ்சி அப்படியே மலர்ந்துண்டு வரும். அதைப் பார்த்தா எனக்கு வேற எதுவும் வாயில வரலைடி" என்றாள். தப்புப் பண்ணிவிட்டோம் என்கிற கூச்சமே இல்லை. எனக்கு ஏதோ ஆக்கிப் போட்டதைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

நான் அழுதேன், கத்தினேன். அவளும் அழுதாள். நாளைக்குக் காலையில் வந்து சாரிடம் நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். வரேன், சத்தியமா வரேன் என்று என் கையில் அடித்தாள்.

பஸ் பிடிக்கத் தோன்றாமல் மந்தைவெளிக்கு நடந்தேன். பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் நிறுத்திக்கொண்டிருந்த சமயம், பாதையெல்லாம் கம்பியும் ஜல்லியுமாகக் கிடந்தது. ஆய்வேடு போயிற்று, மூன்று வருஷம் போயிற்று என்று கணக்குப் போட்டுக்கொண்டேதான் வந்தேன். பாதி வழியில் சட்டென்று நின்றுவிட்டேன். அப்படியானால் அப்பா?

அன்றைக்கும் இவள் என் முகத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத்தானே சொன்னாள்! 'பூச்சி பேசற நேரம்.' அப்பா பேச்சு மாதிரியேதான் இருக்கிறது. அவர் பேச்சு எப்படி இருக்கும் என்று இவளுக்குத்தான் மனப்பாடமாயிற்றே. ஒருவேளை, எங்கே என் பொண்ணு, ஏன் இன்னும் வரலை என்று கேட்டிருந்தால்? கேட்டுக் கேட்டு வாசலையே பார்த்திருந்தால்? அந்த இடத்திலேயே ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்தேன். போகிற வருகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் சொன்னபடி வந்தாள். சார் அறைக்கு இரண்டு பேரும் போனோம். நான் காகிதத்தை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சார் மேஜையில் விமான டிக்கெட் இருந்தது. அவர் அவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா, குப்பி சரியாத்தானே இருந்தது?" என்றார்.

அவள் சாரின் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"சரியாத்தான் இருந்தது சார். இவ மூடியைச் சரியா மூடாம விட்டிருப்பா. ஆவியாயிருக்கும்."

"அக்கா!" என்றேன். "நேத்து உங்க வீட்ல என்ன சொன்னீங்க?"

என் பக்கம் திரும்பினாள். கண்ணில் நீர் முட்டியது. "நேத்து நீ அழுத அழுகையில, நீ என்ன நினைச்சுண்டு வந்தியோ அதையே ஆமான்னுட்டேன்டி" என்றாள்.

துரோகம் என்றால் பெரிய வார்த்தையாக இருக்கிறது. ஆனால் அதற்கு நான் வேறு என்ன பேர் வைப்பது? மூடி திறந்திருந்தால் முதலில் ஆவியாவது ஹெக்சேன்தான், சரக்கு அடியில் தங்கிவிடும், இது சாருக்குத் தெரியாதா என்று கத்தினேன். சாருக்கு நன்றாகத் தெரியும். டிக்கெட்டை இழுப்பறைக்குள் வைத்தார். "நீ ரொம்பக் களைச்சுப் போயிருக்கேம்மா. அப்பா போன துக்கம். ஒரு மாசம் லீவு எடுத்துக்கோ" என்றார். அவள் என் தோளைத் தடவிக் கொடுத்தாள். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அதுதான் நேரில் நான் அவளுக்குப் பண்ணின ஒரே மரியாதைக் குறைவு.

என் பேரில் அந்த ஆய்வேட்டைக் கொடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சார் அந்த வெளிநாட்டுக் கூட்டத்தில் போய்ப் பேசிவிட்டு வந்தார், நல்ல வரவேற்பாம். நான் அடையாற்றிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சராகச் சேர்ந்தேன். பட்டம் போனது ஒரு வருஷத்தில் ஆறிவிட்டது. மற்றது ஆறவில்லை. முடிச்சிட்டு வரட்டும் என்று சொல்லித்தான் மனசைத் தேற்றப் பார்ப்பேன். வார்த்தை வரும், ஆனால் அப்பா குரலில் வராது, அவள் குரலில்தான் வரும். அம்மா மட்டும் இன்றைக்கும் விளக்கேற்றும்போது அதைச் சொல்லி நெகிழ்ந்துபோவாள். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

தொண்ணூற்றெட்டு தீபாவளிக்கு முந்தின வாரம் தி.நகரில் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி கிளம்பும்போது ஓடி வந்து ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தது அவள்தான். யார் என்று பார்த்ததும் எழுந்துகொள்ளப் போனாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படிடி இப்படி இளைச்சுப் போயிட்டே? அம்மா சௌக்கியமா?" என்று அதே வாஞ்சை. அதில் பொய் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். அதுதான் என்னைத் தின்கிறது.

தேனாம்பேட்டை வரை அவளே பேசிக்கொண்டு வந்தாள். ஆழ்வார்பேட்டை தாண்டினதும் இனி இவளை எங்கே பார்க்கப் போகிறோம் என்று தோன்றியது. கையை உருவிக்கொண்டேன். ஜன்னல் பக்கமாக நன்றாகத் திரும்பி, கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். என் முகம் அவளுக்குத் தெரியாது என்று நிச்சயமான பிறகுதான் கேட்டேன். குரலைக்கூட நடுங்காமல் வைத்துக்கொண்டேன்.

"அக்கா. அப்பா அன்னிக்கு என்ன சொன்னார்?"

வண்டி லஸ்ஸில் நின்றது. கூட்டம் இறங்கியது, ஏறியது; அவள் இறங்க வேண்டிய இடம் அது, இறங்கவில்லை. அவள் குனிவது தெரிந்தது. என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். நான் இன்னும் திரும்பிக்கொண்டேன். அந்தப் பக்கமாகச் சாய்ந்து பார்த்தாள். பூ வாசனை முகத்தில் அடித்தது.

"இந்தப் பக்கம் திரும்புடி" என்றாள், கெஞ்சுகிற மாதிரி. "திரும்பு, சொல்றேன்."

திரும்பினால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதும் தெரியும். மந்தைவெளி வரைக்கும் நான் திரும்பவில்லை. அவளும் சொல்லவில்லை.